எதற்காகக் கூடுகிறார்கள்? வெளிநாட்டுப் பருவச் சந்தைகளுக்கும் உணவுத் திருவிழாக்களுக்கும் முதல்முறை செல்வோருக்கு

டிசம்பர் 26ஆம் தேதி காலையில் ஜெர்மனியின் ஒரு சிறு நகரத்தில் ரயிலைவிட்டு இறங்கி நேராக நடுச் சதுக்கத்துக்குப் போனேன். பல மாதங்களாகப் படங்களில் பார்த்து ஆசைப்பட்ட கிறிஸ்துமஸ் சந்தை அது. மரக்கடைகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் பலகை சாத்திப் பூட்டியிருந்தது. விளக்குச் சரங்கள் தொங்கின, வெளிச்சம் இல்லை. நாயோடு நடந்துவந்த ஒரு முதியவரிடம் விசாரித்தேன். சந்தை 23ஆம் தேதி இரவோடு முடிந்துவிட்டது, பண்டிகை நாளில் எல்லோரும் வீட்டில்தானே இருப்பார்கள் என்றார்.

நான் தெரிந்துகொள்ளாமல் போன விஷயம் அந்தப் பதிலில் இருந்தது. அந்தச் சந்தை கிறிஸ்துமஸ் நாளுக்கானது அல்ல. அதற்கு முன்னால் வரும் நான்கு வாரத் திருவருகைக் காலத்துக்கானது. காத்திருப்பு முடிந்தால் சந்தைக்கும் வேலை முடிந்தது. அன்றிலிருந்து எந்த ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்பினாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இவர்கள் எதற்காகக் கூடுகிறார்கள்? எந்த நாளில் போவது, எந்த நேரத்தில் போவது, எதைச் சாப்பிடுவது, எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான விடையிலேயே அடங்கியிருக்கின்றன.

முதல் படி: பெயரை நம்பித் தேதியை ஊகிக்காதீர்கள்

ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடக்கும் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் இதற்கு நல்ல உதாரணம். 1810ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி பவேரிய இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்திலிருந்து அது தொடங்குகிறது. மணமகளின் பெயரால்தான் இன்றும் அந்தத் திடல் அழைக்கப்படுகிறது. ஆனால் வெயில் இருக்கும்போதே நடத்திவிடலாம் என்று காலப்போக்கில் விழாவை முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது செப்டம்பர் 15க்குப் பிறகு வரும் சனிக்கிழமையில் தொடங்கி, அக்டோபரின் முதல் ஞாயிறு வாக்கில் முடிகிறது. 2026இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. பெயரைப் பார்த்து அக்டோபர் நடுவில் டிக்கெட் எடுத்தவருக்கு வெறும் திடல்தான் கிடைக்கும்.

விழாத் தேதிகள் பல வகையில் முடிவாகின்றன. சில, கிழமையைப் பிடித்துக்கொண்டு வருபவை. ஸ்பெயினில் வாலென்சியா அருகே உள்ள புன்யோல் ஊரின் தக்காளித் திருவிழாவான லா டொமாட்டினா ஆகஸ்ட் மாதக் கடைசி புதன்கிழமை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர வெங்காயச் சந்தை நவம்பர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை. இவற்றைப் பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவைக்கலாம்.

சில நிலவைப் பின்பற்றுபவை. சீன மக்கள் நிலாப் பணியாரம் பகிர்ந்துகொள்ளும் நடு இலையுதிர்கால விழா எட்டாம் சந்திர மாதத்தின் பதினைந்தாம் நாளில் வரும். 2025இல் அது அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. ரமலான் மாதம் ஆண்டுக்குப் பத்து பதினொரு நாள் முன்னே வரும் என்பதால், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த மாதத்தில் மட்டும் கூடும் உணவுச் சந்தைகளும் அதோடு நகர்ந்துகொண்டே இருக்கும். போன ஆண்டு நண்பர் போய்வந்த தேதி உங்களுக்குப் பயன்படாது. ஈஸ்டரை ஒட்டிய ஐரோப்பிய விழாக்களும் இப்படித்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தவை விளைச்சலைப் பின்பற்றுபவை. அயர்லாந்தின் கால்வே நகரில் 1954 முதல் நடக்கும் சிப்பித் திருவிழா செப்டம்பரில் வருவதற்குக் காரணம், அந்தக் கடலின் நாட்டுச் சிப்பிக்கான பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. கோடையில் இனப்பெருக்கக் காலமாதலால் சதை தளர்ந்திருக்கும். இத்தாலியின் ஆல்பாவில் மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை ட்ரஃபிள் காளான்களுக்கான சந்தை இலையுதிர்காலம் முழுவதும் வார இறுதிகளில் நடக்கிறது. பிரான்சின் மென்டோனில் எலுமிச்சை விழா பிப்ரவரியில். விளைச்சல் விழா வாரக்கணக்கில் நீளுமானால் தொடக்க நாளைத் தேடி ஓடாதீர்கள். தொடக்கத்தில் பேச்சும் கூட்டமும் அதிகம். பொருள் நன்றாக முற்றி வருவது நடுவில்தான்.

தேதியை உறுதிசெய்யும் இடம் ஒன்றே: அந்த நகராட்சியின் அல்லது விழாக் குழுவின் சொந்த அறிவிப்பு. அங்கேயும் ஆண்டைப் பாருங்கள். பழைய அறிவிப்பு அப்படியே கிடப்பது சாதாரணம். இடையில் விடுமுறை உண்டா என்றும் பாருங்கள். ஜெர்மனியில் சீக்கிரமே திறந்துவிடும் சில கிறிஸ்துமஸ் சந்தைகள், இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறன்று மூடியிருக்கும். அது திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு.

விசா வேண்டியவர்கள் இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்க வேண்டும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு விண்ணப்பித்திருக்க வேண்டும். விழா நாளுக்கு நீட்டிப்பு கிடையாது, ஆகையால் கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்.

இரண்டாம் படி: நாளுக்குள் எந்த மணி?

சரியான நாளில் போயும் தவறவிடுபவர்கள் உண்டு. பெர்னின் வெங்காயச் சந்தை விடிவதற்கு முன்பே, இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. சுற்றுவட்டார விவசாயிகள் வெங்காயத்தைச் சரம் சரமாகப் பின்னி, உலர்ந்த பூக்களைச் செருகி அடுக்கிவைத்திருப்பார்கள். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு சூடான வெங்காயப் ‘பை’ (வெங்காயம் பரப்பிச் சுட்ட அடை) தின்னும் அந்த விடியற்காலைதான் சந்தையின் உயிர். மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருபவர் பார்ப்பது கூட்டத்தையும் தரையில் கிடக்கும் காகிதத் துண்டுகளையும்தான்.

அதே நாட்டின் பாசல் நகரத்தில் நடக்கும் ஃபாஸ்னாக்ட் என்ற வேடத் திருவிழா இன்னும் கறாரானது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கட்கிழமை அதிகாலை சரியாக 4 மணிக்கு ஊரின் தெருவிளக்குகள் எல்லாம் அணைகின்றன. அந்த இருட்டில் வண்ண விளக்குக் கூண்டுகளோடு குழலும் முரசும் புறப்படும். நடந்து முடித்ததும் எல்லோரும் உணவகங்களுக்குள் நுழைந்து வறுத்த மாவுக் கஞ்சியும் வெங்காயப் ‘பை’யும் சாப்பிடுவார்கள். இரவு முழுக்க விழித்தவருக்கு அந்தக் கஞ்சி தரும் சூடு, அதே கஞ்சியைப் பகல் 11 மணிக்குக் குடிப்பவருக்குக் கிடைக்காது. 2027இல் அது பிப்ரவரி 15ஆம் தேதி. அந்த அதிகாலைக்கென்றே சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. முந்தைய நாள் மாலையே கொஞ்சம் தூங்கிவிடுங்கள்.

ரமலான் சந்தைகளில் மணி வேறு மாதிரி. பிற்பகல் மூன்று நான்கு மணிக்குக் கடைகள் விரியும். அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் நோன்பிருப்பவர்கள். சூரியன் மறைந்தபின் வீட்டில் உண்பதற்காக வாங்கிச் செல்கிறார்கள். மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போனால் வகைகள் எல்லாம் இருக்கும், வேகமும் தெரியும். வாங்குங்கள், ஆனால் அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவர்களோடு சேர்ந்து காத்திருந்து, தொழுகை அழைப்பு கேட்டபின் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

அக்டோபர்ஃபெஸ்டில் முதல் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு நகர மேயர் பீப்பாயைத் திறக்கிறார். அதற்கு முன் ஒரு கோப்பை பீரும் ஊற்றமாட்டார்கள், ஆனால் காலையிலிருந்தே கூடாரங்கள் நிரம்பிவிடும். முதல்முறை செல்பவர் இந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. வாரநாளில் முற்பகலில் போய்ப் பாருங்கள். உட்கார இடம் கிடைக்கும், வாத்திய இசை காதை அடைக்காது, பரிமாறுபவருக்கு உங்களோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும். திடலுக்குள்ளும் கூடாரங்களுக்குள்ளும் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் மேசையில் உட்கார்ந்தவருக்கே பரிமாறுவார்கள். நிற்பவருக்குக் கோப்பை வராது. மூன்று லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பையை உள்ளே விடமாட்டார்கள். குழந்தையோடு செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சனிக்கிழமைகளில் தள்ளுவண்டிக்கு அனுமதி இல்லை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இரவு 8 மணிக்கு மேல் கூடாரத்தில் இருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமைகள் குடும்பங்களுக்கானவை, ராட்டினங்களுக்குக் கட்டணமும் குறையும்.

கூட்டம் ஒத்துவராதவர்கள், பெரிய விழாவுக்குள் இருக்கும் சிறிய விழாவைத் தேடலாம். ஜப்பானின் க்யோட்டோ நகரத் தேர்த் திருவிழாவான கியோன் மட்சூரி ஜூலை மாதம் முழுக்க நடக்கிறது. 17ஆம் தேதித் தேரோட்டத்துக்கு முந்தைய மாலைகளில் தெருக்களில் தின்பண்டக் கடைகள் நிறைந்திருக்கும், காலெடுத்து வைக்க இடம் இருக்காது. 24ஆம் தேதி இரண்டாவது ஊர்வலம் ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாலைகளில் தெருக்கடைகள் இல்லை; அந்த ஊர்வலத்துக்கான வேறு தேர்களை, அதே போன்ற விளக்குகளை அமைதியாகப் பார்க்கலாம். சாப்பாட்டுக்காகப் போகிறவருக்கு முதலாவது, தேருக்காகப் போகிறவருக்கு இரண்டாவது.

மூன்றாம் படி: படுக்கையும் பாதையும்

விழா நாளில் அந்த ஊரில் அறை வாடகை பல மடங்கு ஏறும். ரயில் வரைபடத்தை எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வந்துபோகக்கூடிய அடுத்த ஊரைத் தேடுங்கள். மியூனிக்குக்கு ஆக்ஸ்பர்க். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரக் கிறிஸ்துமஸ் சந்தைக்கு ரைன் ஆற்றின் மறுகரையில், ஜெர்மனிக்குள் இருக்கும் கேல். இரண்டுக்கும் இடையே 2017 முதல் டிராம் ஓடுகிறது. அறையைப் பதிவு செய்யும் முன் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். திரும்பும் வழி தெரிந்தவரால்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும்.

சில விழாக்களுக்கு நுழைவுச்சீட்டு இல்லாமல் ஊருக்குள்ளேயே விடமாட்டார்கள். லா டொமாட்டினாவுக்கு ஒருகாலத்தில் 40,000 பேருக்கு மேல் குவிந்து அந்தச் சிறு ஊர் திணறியது. 2013 முதல் சுமார் 20,000 பேர் என்று வரம்பு வைத்துக் கட்டணச் சீட்டு கொடுக்கிறார்கள். இத்தகைய சீட்டுகளை விழாக் குழு காட்டும் வழியில் மட்டும் வாங்குங்கள்.

நான்காம் படி: கையில் ரொக்கம், சில்லறையாக

கார்டு எங்கும் செல்லும் என்ற நம்பிக்கையோடு சந்தைக்குப் போகாதீர்கள். மரக்கடை வைத்திருக்கும் பாட்டியிடம் கார்டு இயந்திரம் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கூட்டத்தில் இணைப்பு அறுந்துபோகும். திடலுக்குள் இருக்கும் ஏடிஎம்களில் வரிசையும் கட்டணமும் அதிகம், ஆகையால் முந்தைய நாளே வங்கி இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய தாள்களும் நாணயங்களும் தேவை. கழிப்பறைக்கும் நாணயம் கேட்பார்கள். கார்டு தேய்க்கும்போது ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா’ என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் உங்களுக்கு நட்டம் குறையும்.

புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று கோப்பை டெபாசிட். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் சூடான பானத்தைப் பீங்கான் குவளையில் தருவார்கள். பலகையில் எழுதிய விலைக்கு மேல் சில யூரோ கூடுதலாக வாங்குவார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பிவரும். சில இடங்களில் ஒரு வில்லையும் தருவார்கள், அது இல்லாமல் பணம் கிடைக்காது. சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குவளையில் அந்த ஊரின் பெயரும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பிடித்திருந்தால் டெபாசிட்டை விட்டுவிட்டுக் குவளையை எடுத்துச் செல்லலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். என் வீட்டு அலமாரியில் இருக்கும் மிக நல்ல நினைவுப்பொருள்கள் அவைதான்.

கூப்பன் வாங்கிச் சாப்பிடும் முறை இருக்கும் இடத்தில் முதலில் குறைவாக வாங்குங்கள். மிஞ்சியதைத் திரும்பப் பெற முடியாத இடங்களே அதிகம்.

ஐந்தாம் படி: முதல் சுற்றில் ஒன்றும் வாங்காதீர்கள்

இதைச் சொல்வது எளிது, பசியோடு மணத்துக்கு நடுவே கடைப்பிடிப்பது கடினம். ஆனாலும் வற்புறுத்திச் சொல்கிறேன்: வாசலில் இருக்கும் முதல் கடையில் நின்றுவிடாதீர்கள். ஒருமுறை முழுதும் சுற்றி வாருங்கள். அந்தச் சுற்றில் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, இந்த விழாவுக்கே உரியது எது, எல்லா விழாவிலும் கிடைப்பது எது. வறுத்த உருளைக்கிழங்கும் பஞ்சுமிட்டாயும் உலகம் முழுக்க ஒன்றுதான். அவற்றுக்காக வயிற்றில் இடம் ஒதுக்காதீர்கள். ஜெர்மனியின் நூரெம்பர்க்கில் விரல் நீளச் சிறு தொத்திறைச்சிகள் மூன்றை ஒரே ரொட்டிக்குள் வைத்துத் தருவதும், டிரெஸ்டனில் உலர்பழங்கள் நிறைந்த ஸ்டோலன் ரொட்டியும் அந்தந்த ஊரின் சொந்தம். டிரெஸ்டனின் சந்தை 1434 முதல் நடக்கிறது. அதன் பெயரான ஸ்ட்ரீட்சல்மார்க்ட் என்பதே அந்த ரொட்டியின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான். சந்தை எதற்காகக் கூடுகிறது என்பதற்கு இங்கே பெயரிலேயே விடை இருக்கிறது.

இரண்டாவது, வரிசையில் யார் நிற்கிறார்கள். நீளமான வரிசை என்பதே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது. பல நேரம் அது ஒரு புகைப்படத்தின் விளைவு. தாத்தா பாட்டிகள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பக்கத்துக் கடையிலிருந்து ஏப்ரனோடு வந்து வாங்கும் வியாபாரி ஆகியோர் நிற்கும் வரிசையில் நில்லுங்கள். மெதுவாக நகர்ந்தாலும் அங்கேயே நில்லுங்கள்.

மூன்றாவது, அடுப்பு. ஒன்றிரண்டு பண்டம் மட்டும் செய்து, செய்ததும் தீர்ந்துபோகும் கடை நல்ல கடை. இருபது பண்டங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்திருக்கும் கடையில் எது எப்போது செய்தது என்று தெரியாது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிடக்கும்போது கிருமி பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி வெளியில் இருந்ததைத் தொடக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை. ஆவி பறக்க உங்கள் கண்ணெதிரே எடுத்துத் தருவதை நம்பலாம். மயோனைஸ், கிரீம், வெட்டிவைத்த பழம் ஆகியவற்றை வெயில் நாளில் விட்டுவிடுங்கள். பச்சைச் சிப்பி போன்றவற்றை, அதுவே விழாவின் பொருளாக இருந்து, பனிக்கட்டிமேல் வைத்துக் கேட்டபின் திறந்து தரும் இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அங்கேயும் வேண்டாம்.

இரண்டாம் சுற்றில் வாங்கத் தொடங்குங்கள். இருவராகப் போனால் எதையும் ஒன்றே வாங்கிப் பகிருங்கள். நால்வரானாலும் இரண்டுக்கு மேல் வேண்டாம். உப்பும் காரமும் முதலில், பொரித்தது நடுவில், இனிப்பு கடைசியில் என்று வைத்துக்கொண்டால் நாக்கு மரத்துப்போகாது. இடையிடையே தண்ணீர் குடியுங்கள், கால்மணி நேரம் உட்காருங்கள். குடிப்பவர்களுக்கு ஒன்று: அக்டோபர்ஃபெஸ்டின் கோப்பை ஒரு லிட்டர், அந்த பீரில் ஏறக்குறைய 6 சதவிகிதம் ஆல்கஹால் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சந்தையின் சூடான ஒயின் இனிப்பாக இருப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போய்விடும். குடிக்காதவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அதே மசாலா மணத்தோடு பழச்சாற்றில் காய்ச்சிய ‘கிண்டர்புன்ஷ்’ அநேகமாக எல்லாச் சந்தையிலும் கிடைக்கும்.

செய்பவரோடு பேச ஆசைப்படுகிறீர்களா? மதியக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் வருவதற்கு முன், மூன்று நான்கு மணி வாக்கில் போங்கள். நெரிசல் நேரத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்பவரை நிறுத்திக் கேள்வி கேட்பது அவருக்கும் சுமை, உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் சுமை. அந்த ஓய்ந்த வேளையில் கேட்டால் மாவைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுப்பார்கள்.

ஆறாம் படி: சாப்பிடக் கூடாதவை உள்ளவர்களுக்கு

சைவ உணவு உண்பவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள், மதக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இந்த விழாக்களுக்குத் தாராளமாகப் போகலாம். ‘இறைச்சி இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. மறைந்திருப்பவை மூன்று: எதில் பொரித்தார்கள், எந்தச் சாற்றில் வேகவைத்தார்கள், மேலே எதைத் தூவினார்கள்.

பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மரபாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ஜப்பானியத் தெருக்கடையில் முட்டைக்கோசு தோசை போலத் தெரியும் ஒகோனோமியாகியின் மேல் ஆடும் மெல்லிய சீவல்கள் உலர்ந்த மீன். மாவிலேயே மீன் சாறு சேர்ந்திருக்கும். தாய்லாந்தில் காய்கறி வதக்கலிலும் மீன் சாஸ் விழும். ஆகவே கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள்: எண்ணெயா கொழுப்பா, சாறு எதில் காய்ச்சியது? அந்த நாட்டு மொழியில் எழுதிய சிறு அட்டை ஒன்று கையில் இருந்தால் கூட்டத்துச் சத்தத்திலும் வேலை நடக்கும். அதில் ‘நான் சைவம்’ என்று பொதுவாக எழுதாமல், இறைச்சி, மீன், மீன் சாறு, விலங்குக் கொழுப்பு, முட்டை என்று எவை வேண்டாமோ அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல், பொட்டலமிடாத உணவுக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவல் தர வேண்டும் என்பது விதி. விலைப் பலகையில் பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தோ எண்ணோ இருந்தால், அதற்கான விளக்கப் பட்டியலைக் கேளுங்கள். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். ஒரே கரண்டி பல பாத்திரங்களில் புழங்கும் இடம் சந்தை. மருந்தைப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் எதையும் கேட்காமல் சாப்பிடக்கூடிய அபூர்வமான திருவிழா ஒன்று இருக்கிறது. தாய்லாந்தின் ஃபூகெட்டில், ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்கள் நடக்கும் சைவத் திருவிழா. இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. விரதம் காக்கும் கடைகளில் சிவப்பு எழுத்துள்ள மஞ்சள் கொடி பறக்கும். கொடியைப் பார்த்தால் நிம்மதியாக உட்காரலாம். ஆனால் இது உணவு விழா மட்டுமல்ல, உடலையும் மனத்தையும் தூய்மையாக்கும் நோன்பு. சாமியாடிகள் கன்னத்தில் கூரிய பொருள்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் வருவார்கள், பட்டாசு சரமாக வெடிக்கும். வெள்ளைப் பருத்தி உடை உடுத்துங்கள், காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், சிறு குழந்தைகளை ஊர்வலப் பாதையின் ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஏழாம் படி: விருந்தாளியாக நடந்துகொள்ளுதல்

விதிகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் காரணம் இல்லாமல் இருக்காது. லா டொமாட்டினாவில் தக்காளியை நசுக்கிவிட்டுத்தான் எறிய வேண்டும், அடுத்தவருக்கு அடிபடக் கூடாது. முதல் வெடி கேட்டால் தொடக்கம். ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது வெடி கேட்டதும் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட வேண்டும். பாசலில் அந்த இருட்டுக்காகத்தான் ஊரே விளக்கை அணைக்கிறது. அங்கே கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம் எல்லோருக்கும் கெடுதல். ஜப்பானில் தின்றுகொண்டே நடப்பது பல இடங்களில் முகம் சுளிக்கவைக்கும். வாங்கிய கடையின் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டுவிட்டு, குச்சியையும் தட்டையும் அந்தக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது.

உணவுக் கடையில் பேரம் பேசாதீர்கள். சமைப்பவரின் முகத்தைப் படமெடுக்கும் முன் கேமராவைச் சற்றுத் தூக்கிக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். வாங்கியபின் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். வழிபாடு நடக்கும் பகுதியில் உள்ளூர்க்காரர்கள் எங்கே நிற்கிறார்களோ அதற்கு ஓரடி பின்னால் நில்லுங்கள்.

எட்டாம் படி: நெரிசல்

இதை அச்சமூட்ட எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 2022 அக்டோபர் 29 இரவு தென் கொரியாவின் சியோல் நகரில் இதேவோன் பகுதியில் ஒரு குறுகிய சந்தில் ஹாலோவீன் கூட்டம் சிக்கிக்கொண்டதில் 159 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், கொண்டாட வந்தவர்கள்.

உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழிகள் இரண்டைப் பார்த்துவையுங்கள். குறுகிய சரிவுத் தெருக்களையும், எதிரெதிர்த் திசையில் மக்கள் வரும் சந்துகளையும் தவிருங்கள். சுற்றியுள்ளவர்களின் உடல் உங்கள்மேல் பல பக்கமும் உரசத் தொடங்கினால், கையைத் தூக்கி முகத்தைத் தொட முடியாமல் போனால், அப்போதே வெளியேறுங்கள்; அடுத்த கடைவரை பார்த்துவிடலாம் என்று நிற்காதீர்கள். சிக்கிக்கொண்டால் முழங்கைகளை மடித்து மார்புக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரரைப் போல வைத்து மூச்சுக்கு இடம் ஏற்படுத்துங்கள். காலில் நிலையாக நில்லுங்கள். கீழே விழுந்த பொருளுக்காகக் குனியவே குனியாதீர்கள். தள்ளுக்கு எதிராகத் தள்ளாமல், அலை ஓயும் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் ஒதுங்குங்கள். கத்துவதால் மூச்சுத்தான் வீணாகும்.

கூட்டத்தில் போன் இணைப்பு கிடைக்காது என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுங்கள். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தையும் ஒரு மணியையும் முன்பே பேசிவையுங்கள். அந்த இடம் திடலுக்கு வெளியே, எல்லோருக்கும் தெரிந்த நிலையான ஒன்றாக இருக்கட்டும். கடையின் பெயரைச் சொன்னால் குழப்பம்தான். குழந்தையின் கையில் உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட் அறையிலேயே இருக்கலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால் அங்கேயே விடுங்கள், நகல் மட்டும் போதும். பணத்தை இரண்டு இடமாகப் பிரித்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கிருந்தாலும் அவசர உதவிக்கு 112.

உடையிலும் கவனம் வேண்டும். குளிர்காலச் சந்தையில் குளிர் தலையிலிருந்து இறங்குவதைவிட, கல் தளத்திலிருந்து காலில் ஏறுவதே அதிகம். கனமான கோட்டு வாங்கும் பணத்தில் பாதியைத் தடித்த அடிப்பாகமுள்ள காலணிக்கும் கம்பளிக் காலுறைக்கும் செலவிடுங்கள்.

கடைசிப் படி: எடுத்துச் செல்வது

வாங்கும்போதே, இது எல்லையைத் தாண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜாம், தேன், மென்மையான சீஸ், கிறிஸ்துமஸ் சந்தையில் விற்கும் நீர் நிரம்பிய பனி உருண்டை ஆகியவை விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் திரவமாகவே கருதப்படும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் அனுமதிக்காத விமான நிலையங்கள் ஏராளம். அவற்றைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

இறைச்சி, பால் பொருள்கள், பச்சைப் பழம், விதை, மண் ஒட்டிய கிழங்கு ஆகியவை பெரும் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து வருபவர்கள் இறைச்சியையும் பால் பொருளையும் உள்ளே கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இதில் மிகக் கடுமையானவை. ஒரே பயணத்தில் பல நாடுகளைத் தொடுபவர்கள், இறங்கப்போகும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வருகைப் படிவத்தில் ‘உணவு இருக்கிறது’ என்று குறித்து, பெட்டியைத் திறந்து காட்டிவிடுங்கள். அனுமதி இல்லாததை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். மேல்நாட்டுச் சீஸ் ஒன்றை அப்படி இழப்பதற்கு மனம் வராது என்றால், சந்தையிலேயே ஒரு ரொட்டி வாங்கி, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுதையும் சாப்பிட்டுவிடுங்கள்.